பம்மாத்து, பாசாங்கு, வேஷம், போலி, கண்துடைப்பு: ஒரு கடிதத்துக்கு ஏற்ற சொல் எது?

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் கிராமத்து முன்பள்ளிக்கு ஒரு மலசலகூடம் கட்டித் தரப்பட்டது. நாடா வெட்டி, விளக்கேற்றி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, கையளித்துவிட்டுப் போனார்கள். முன்சுவர் வழுவழுப்பாகப் பூசப்பட்டு, இளநீல வர்ணம் அடிக்கப்பட்டு, அதன்மேல் ஒரு முயலும் ஆமையும் வரையப்பட்டிருந்தன. நான்காம் நாள் காலையில் ஆசிரியை உள்ளே ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பதற்காக நான் பின்புறம் சென்றேன். சுவரின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் ஒரு முழத்தோடு முடிந்துவிட, அதன் வாயிலிருந்து தண்ணீர் புல்லுக்குள் பரவிக்கொண்டிருந்தது. மூன்று அடி தள்ளி, குழியின் மூடி என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த கொங்கிறீற் தட்டை இரண்டு பேராகச் சேர்ந்து புரட்டினோம். கீழே குழி இல்லை. வெட்டப்படாத தரையும், வெளிறிப்போன புல்லும், சிதறி ஓடிய கட்டெறும்புகளும் இருந்தன.

அன்று பின்னேரம் கிராம அபிவிருத்திச் சங்கம் கூடியது. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுவது என்று ஒருமனதாக முடிவாயிற்று; நடந்ததை எந்தச் சொல்லால் எழுதுவது என்பதில்தான் முடிவு வரவில்லை. "தம்பி, பம்மாத்து எண்டு எழுதும், வேற சொல்லுத் தேவையில்லை" என்றார் சங்கத்தின் மூத்த உறுப்பினர். ஆசிரியை "கண்துடைப்பு" என்றார். இளைஞர் ஒருவர் "போலி" என்று எழுதினால் போதும் என்றார். இன்னொருவர் "மோசடி எண்டே போடுங்கோ அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றார். செயலாளர் என்ற வகையில் எழுதவேண்டியவன் நான். ஓரிரவு தவணை கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தேன். இதே போன்ற கடிதங்களை எழுதவேண்டி வருவோர் எங்கள் பக்கத்தில் பலர் இருப்பதனால், அன்றிரவு எண்ணியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இவற்றை ஒத்தகருத்துச் சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்திருக்கிறோம். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், குற்றம் வேறொருவர் தலையில் போய் விழுவது தெரியும். ஒரு சொல் ஆளைச் சுட்டுகிறது, ஒன்று பொருளைச் சுட்டுகிறது, வேறொன்று செயலைச் சுட்டுகிறது. சிலவற்றில் ஏமாற்றும் எண்ணம் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சிலவற்றில் அது அறவே இல்லை. ஒருவர்மீது எண்ணத்தை ஏற்றிச் சொல்லுவது பாரமான காரியம் என்பதால், சொல்லைத் தேர்பவர் முதலில் பார்க்கவேண்டியது அதையே என்று நான் நினைக்கிறேன்.

பம்மாத்து எங்கள் வாயில் தானாகவே வருகின்ற சொல். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது, செய்யாததைச் செய்ததாகப் பேசுவது, அதையும் பார்ப்பவர் கண்டுபிடிக்கமாட்டார் என்ற துணிவோடு செய்வது, இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. "உன்ர பம்மாத்து என்னட்டை வேண்டாம்" என்று ஒரு தாய் மகனிடம் சொல்லும்போது, நீ காட்டுவது எனக்கு விளங்கிவிட்டது என்ற செய்தியும் கூடவே போகிறது. தோற்றத்தைக் கட்டியவரையும் அதைக் கண்டுகொண்டவரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற அந்த வலிமைக்காகவே மூத்தவர் அதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். பொருளளவில் அவர் கேட்டது சரியானது. எனினும் இரண்டு காரணங்கள் என்னைத் தடுத்தன. முதலாவது, அந்தச் சொல்லின் பரப்பு மிகப் பெரியது. இரவல் மோட்டார்சைக்கிளைச் சொந்தம்போல ஓடித் திரிபவரும் பம்மாத்துக் காட்டுகிறார், படிக்காமல் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் பிள்ளையும் பம்மாத்துக் காட்டுகிறது. சிறு பிள்ளைகள் நடமாடும் இடத்தில் குழியில்லாத மலசலகூடத்தைக் கட்டியதை அவற்றோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, எங்கள் கடிதம் மேலே போகும்போது மொழிபெயர்க்கப்படவும் கூடும். வீட்டு முற்றத்தில் கனமாக ஒலிக்கும் சொல் அலுவலக மேசையில் நக்கல்போலத் தோன்றிவிடலாம். எங்கள் கோபத்தை யாரும் நக்கலாக எடுப்பதை நான் விரும்பவில்லை.

அதன் பக்கத்தில் நிற்கும் சொல் பேய்க்காட்டுதல். எங்கள் பேச்சில் பேயன் என்றால் விபரம் தெரியாதவன். ஆகவே பேய்க்காட்டுதல் என்பது எதிரில் நிற்பவரை விபரம் தெரியாதவராக்கி நடத்துவது. "எங்களைப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்" என்னும்போது பேச்சின் நடுவில் வந்து நிற்பவர் ஏமாந்தவர். அந்த வேதனை உண்மையானது, விசாரணைக்கு அதிகாரி வந்தால் ஆசிரியை அதைத் தன் வாயால் சொல்லவேண்டும் என்றும் விரும்பினேன். கடிதம் பேசவேண்டியதோ குழியைப் பற்றி. புலுடா வாயால் விடப்படுவது, சுத்துமாத்துக் கணக்கிலும் கொடுக்கல் வாங்கலிலும் நடப்பது. கண்ணுக்குக் காட்டப்பட்ட ஒன்றுக்கு அவை இரண்டும் பொருந்தவில்லை.

பாசாங்கு எழுத்துக்கும் பேச்சுக்கும் பொதுவானது, அதிகாரிக்கும் விளங்கும். ஆனால் அது உடம்போடும் முகத்தோடும் ஒட்டிய சொல். காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுப்பதும், தெரிந்த ஆளைத் தெரியாதவர்போலக் கடந்து போவதும் பாசாங்கு. கூப்பிடக் கூப்பிட எழும்பாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் "கள்ள நித்திரை" என்கிறோமே, அதை எழுத்தில் நித்திரைப் பாசாங்கு என்று எழுதலாம். வேலை நடப்பதைக் காட்டுவதற்காக இரண்டு நாட்கள் மண்வெட்டியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். அதற்குப் பாசாங்கு என்ற சொல் பொருந்தும். தரையில் கிடந்த தட்டு பாசாங்கு செய்யாது.

வேஷம், நடிப்பு என்ற சொற்களை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. ஆனாலும் நான் அவற்றையும் எடுத்துப் பார்த்தேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு வேஷம் முதலில் கூத்துக் களரியின் சொல். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்திலும், வடக்கில் ஊரூராக ஆடப்பட்ட காத்தவராயன் கூத்திலும் வேஷம் கட்டி ஆடியவரை எவரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. ஆடுபவரும் பார்ப்பவரும் அறிந்தே ஏற்றுக்கொண்ட மாற்றம் அது; காத்தான் கூத்தில் வேஷம் கட்டுவதை நேர்த்திக்கடனாகச் செய்தவர்களும் உண்டு. அந்தச் சொல்லோடு 'வெளி' சேர்ந்து வெளிவேஷம் ஆகும்போதுதான் உள்ளே வேறொன்று இருக்கிறது என்ற குற்றச்சாட்டு நுழைகிறது. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, இயேசு கண்டித்த யூத சமயப் பிரிவினரான பரிசேயரை "மாயக்காரர்" என்று அழைக்கிறது. கத்தோலிக்கக் கோவில்களில் இப்போது வாசிக்கப்படும் 1995 ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு அதே இடத்தில் "வெளிவேடக்கார" என்கிறது. மூலமான கிரேக்கச் சொல் மேடை நடிகரைக் குறிப்பது என்பதால், பின்னையது அதற்கு நெருங்கி நிற்கிறது என்பது என் எண்ணம். திருக்குறளின் 28 ஆம் அதிகாரமான கூடாவொழுக்கமும் இதே மனிதரைத்தான் பேசுகிறது. வெளியே குன்றிமணியின் உடல்போலச் செம்மையாகத் தோன்றி, உள்ளே அதன் மூக்குப்போலக் கறுத்திருப்பவர் என்று வள்ளுவர் சொல்லும்போது, எங்கள் வேலிகளில் காய்த்து வெடித்திருக்கும் குன்றிமணி கண்முன்னே வருகிறது. இந்தச் சொற்கள் எல்லாம் ஒருவருடைய குணத்தைத் தீர்ப்பிடுகின்றன. ஒப்பந்தகாரரின் உள்ளம் எப்படிப்பட்டது என்று கடிதத்தில் எழுத எனக்கு உரிமையில்லை. அவர் வைத்துவிட்டுப் போன தட்டைப் பற்றி எழுத உரிமை உண்டு.

அப்படியானால் போலி என்ற சொல்லைத்தான் எடுக்கவேண்டும். அன்றிரவு நான் அதிக நேரம் நின்றது இந்தச் சொல்லில். போல் என்பதிலிருந்து பிறந்த சொல் என்பதால், அதன் அடியில் ஒப்புமை மட்டுமே இருக்கிறது, பழி இல்லை. இலக்கணத்தில் நிலம் என்பதை நிலன் என்று எழுதினாலும் பொருள் மாறாது என்பதைக் கடைப்போலி என்று படிக்கிறோம். அங்கே போலி என்றால் ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது. வழக்கிலோ போலி நாணயத்தாள், போலி வைத்தியர், போலி முகவர் என்று சொல்லும்போது, ஒன்றின் இடத்தில் நின்றும் அதன் வேலையைச் செய்யாதது என்ற பொருள் வந்துவிடுகிறது. எங்கள் பேச்சில் அந்த இடத்தைக் 'கள்ள' என்ற முன்னொட்டு பிடித்துக்கொள்கிறது: கள்ளக் காசு, கள்ளக் கையெழுத்து, கள்ளச் சாவி. கள்ள என்று சொன்னவுடனே களவு செய்த ஒருவர் வந்து நிற்கிறார். போலி என்னும்போது பொருள் மட்டும் நிற்கிறது. அலுவலகக் கடிதத்துக்கு அந்த விலகல் நல்லது.

பொருள் ஒன்றுபோலத் தோன்றினாலே அதில் வஞ்சகம் இருக்கவேண்டும் என்றில்லை என்பதற்கு எங்கள் வயல்களே சான்று. பன்றி நெல் என்று சொல்லப்படும் களைநெல் முளையிலும் இலையிலும் நாங்கள் விதைத்த நெல்லைப் போலவே நிற்கும். பயிர் கதிராகும் காலத்தில்தான் அது வேறென்று துலங்கும், அறுவடைக்கு முன்பே மணிகளை வயலில் உதிர்த்தும்விடும். நட்டத்தைத் தந்தாலும் அதன்மீது யாரும் வஞ்சகத்தைச் சுமத்துவதில்லை.

'பொய்' என்ற சொல்லையும் இங்கே நினைக்காமல் இருக்கமுடியவில்லை. யுத்தத்தில் காலை இழந்த பலர் எங்கள் ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்கள் அணிவதைப் பொய்க்கால் என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பொய்ப்பல், பொய்முடி என்பவற்றைப் போல அதிலும் பழி எண்ணம் இல்லை. தமிழில் மெய் என்பது உண்மையையும் உடலையும் ஒருசேரக் குறிக்கும் சொல் ஆதலால், உடலோடு பிறக்காததைப் பொய் என்று சேர்த்துச் சொன்னார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் வீதியில் இருக்கும் ஒருவர், தன்முன்னே அந்தச் சொல் வந்தபோது, "பொய்யெண்டா நான் எப்பிடி ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போறன்?" என்று கேட்டார். அதன் பிறகு நான் செயற்கைக் கால் என்றே எழுதியும் பேசியும் வருகிறேன். கால் செய்யவேண்டிய வேலையை அது செய்கிறது. முன்பள்ளியின் தட்டு மூடியின் வேலையைச் செய்யவில்லை, ஏனெனில் மூடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே "போலி மூடி" என்பது அந்தத் தட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. மலசலகூடம் முழுவதையும் போலி என்று எழுதினால் அது பிழையாகும்: சுவர் உண்மையான சுவர், கூரைத் தகரம் உண்மையான தகரம், கொமட்டும் நல்ல கொமட்.

பகட்டு, எடுப்பு என்ற சொற்களை விரைவாகவே விலக்கினேன். அவை இருப்பதை மிகைப்படுத்திக் காட்டுவதற்கு உரியவை. முயலும் ஆமையும் பகட்டு என்று எவரேனும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், பிள்ளைகளுக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது. பாவனை என்ற சொல் நல்ல தமிழ் நூல்களில் தோற்றம் காட்டுவதற்கு வழங்குவதுதான். ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் முதலில் பயன்படுத்துதல். 'மலசலகூடப் பாவனை' என்று எழுதினால் அலுவலகம் அதைப் பிள்ளைகள் மலசலகூடத்தைப் பயன்படுத்துவது என்றே வாசிக்கும்.

மாயை, கானல் என்னும் சொற்கள் எவரையும் குற்றம் சொல்லாதவை. வெய்யில் ஏறிய நேரத்தில் ஏ9 வீதியில் பரந்தனைத் தாண்டி ஆனையிறவு நோக்கிப் போகும்போது, முன்னே தார் வீதியில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோலத் தெரியும். சுட்ட தரையை ஒட்டிய காற்று ஒளியை வளைத்து, வானத்தின் வெளிச்சத்தை வீதியில் காட்டுவதால் வரும் தோற்றம் அது. பழந்தமிழர் அதற்குப் பேய்த்தேர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாயையைப் பொய்த்தோற்றம் என்ற பொருளில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களுள் ஒன்றாகிய மாயை உள்பொருள், உலகமும் உடலும் தோன்றுவதற்கு முதற்காரணமாக நிற்பது. அதைப் பொய் என்று கொள்வது வேதாந்த வழி வந்த பொருள். சைவர்கள் நிறைந்த எங்கள் ஊரில் இந்த வேறுபாட்டை அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆசிரியை சொன்ன கண்துடைப்பு எளிதில் விலக்கக்கூடியதாக இருக்கவில்லை. அது ஆளையும் சுட்டாது, பொருளையும் சுட்டாது, செயலைச் சுட்டுகிறது. முறைப்பாட்டை ஆற்றுவதற்காகவே செய்யப்பட்டு, முறைப்பாட்டின் காரணத்தை அப்படியே விட்டுவிடும் செயல் கண்துடைப்பு. அழுதவரின் கண்ணைத் துடைத்துவிட்டு, அழவைத்ததை அப்படியே விடுவது என்று அதை விரிக்கலாம். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டத்தை அறிந்த எவருக்கும், இந்தச் சொல் இந்த மண்ணில் எத்தகைய பாரத்தைச் சுமக்கிறது என்பது தெரியும். தம் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் வராமல் ஆணைக்குழுக்கள் வந்து போவதைப் பார்த்த தாய்மாரின் வாயில் நான் கேட்ட சொல் அது. ஒரு முன்பள்ளியின் குழிக்கு அதை எடுப்பதற்குக் கை கூசியது. அதோடு, பொருள் அளவிலும் அது முந்திக்கொள்கிறது. நாங்கள் இன்னும் முறையிடவில்லை; முறையிட்ட பிறகு யாரேனும் வந்து, தட்டை மட்டும் நிமிர்த்தி வைத்து, படம் எடுத்துவிட்டுப் போனால் அதுவே கண்துடைப்பு. ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்தச் சொல்லைப் பிறகுக்கு வையுங்கோ" என்றார்.

மோசடி என்பது தோற்றத்தைக் குறிக்கும் சொல்லே அன்று. பணம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது, யார் கையொப்பம் வைத்தார் என்பவை தெரிந்த பிறகு, அவற்றை ஆராய உரிமையுள்ளவர் எழுதவேண்டியது அது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு வாளி தண்ணீரும் ஒரு தட்டும்தான்.

இவ்வளவு நுணுகிப் பார்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. யுத்தத்தில் வீடிழந்தோருக்காக இந்திய அரசின் உதவியோடு 2012 இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்ப, வீட்டுக்காரருக்கே தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. மேசன் கூலியும் மணல் விலையும் ஏறிய அந்த நாட்களில் காசை இழுத்துப் பிடித்துக் கட்டியவர்கள் பலர். எங்கள் ஊரில் கணவனை இழந்த ஒரு அக்கா முன்சுவரை மட்டும் பூசி வெள்ளை அடித்திருந்தார். மற்ற மூன்று பக்கமும் வெறும் சீமெந்துக் கல். அந்த வழியால் வந்த ஒருவர் என் காதுபட "பம்மாத்து" என்று சொன்னார். நகையை அடகு வைத்தும் போதாமல், மழை அடிக்கும் பக்கம் எது என்று பார்த்து, முதலில் அந்தப் பக்கத்தைப் பூசினார் அவர். அது வீதியைப் பார்த்த பக்கமாகவும் அமைந்துவிட்டது. முன்பள்ளியின் சுவரும் அந்த வீட்டின் சுவரும் ஒரே படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த வீட்டுக்கு உரிய சொல் 'பூச்சு முடியாத வீடு' என்பது மட்டுமே, அதை அன்று நான் வாய் திறந்து சொல்லாமல் விட்டது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

விடியுமுன் கடிதத்தை எழுதி முடித்தேன். தலைப்பில், "முடிவுறாத வேலையை முடிவுற்றதாகக் காட்டியமை தொடர்பாக" என்று எழுதினேன். காட்டியமை என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்தேன்; குழியில்லாத இடத்தில் தட்டு தானாக வந்து விழுந்திருக்க வழியில்லை ஆதலால், அவ்வளவு எண்ணத்தை மட்டும் அந்தச் சொல் சுமக்கலாம். உள்ளே, "குழி வெட்டப்படாத தரையின்மீது போலியாக ஒரு மூடி வைக்கப்பட்டுள்ளது, கழிவுக் குழாய் சுவரிலிருந்து ஒரு முழத்தில் முடிவடைகின்றது" என்ற வாக்கியத்தோடு, தட்டைப் புரட்டிய படத்தையும் இணைத்தேன். பண்புப் பெயர்களை எல்லாம் விட்டுவிட்டு அளவுகளை எழுதியதால் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தேன். இளைஞர் இருவரும் சரி என்றார்கள். மூத்தவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடிதம் சரி தம்பி. ஆனா என்ர சொல்லு எங்கை?" என்று கேட்டார். கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து, அவர் முதல் நாள் சொன்னதை அவர் பேசியபடியே, 'எண்டு' என்பதைக்கூட மாற்றாமல், மேற்கோள் குறிக்குள் எழுதினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, பம்மாத்து என்ற சொல்லுக்கு நேர் கீழே கையொப்பம் வைத்தார்.